நம்பாத சாதனத்துக்கு ஒரு திண்ணை

நெய்வேலியின் கதை ஒரு கிணற்றில் தொடங்குகிறது. 1930களின் நடுவில், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில், ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கியபோது நீரோடு கரிய துகள்கள் வெளிவந்தன. 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அங்கே துளையிட்டுப் பார்த்தது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு முதல் சுரங்கத்தின் வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962 மே மாதத்தில், முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு மின்சாரம் தந்தது.

சுரங்கத்தின் பெரிய சக்கர வாளி எந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. மின் நிலையத்தின் கொதிகலன்களும் டர்பைன்களும் சோவியத் யூனியனிலிருந்து வந்தன. குளிர்ப்போரின் இரண்டு பக்கமும் ஒரே ஊரில், ஒரே கன்வேயர் பெல்ட்டின் இரு முனைகளில் நின்றன. இதை வரலாற்றாசிரியர்கள் இன்னும் போதிய அளவு ரசித்ததாகத் தெரியவில்லை. பிறர் செய்து கொடுத்த எந்திரத்தைத் தன் கட்டடத்துக்குள் விட்டு, அது தொடக்கூடாததைத் தொடாமல் பார்த்துக்கொள்வது அந்த ஊரின் அன்றாட வேலையாக இருந்தது. கணினித் துறையும் அதே ஆண்டுகளில் அதே வேலையைத் தன் போக்கில் கற்றுக்கொண்டிருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு இரண்டும் ஒரே அறையில் சந்தித்தன.

மின்துறையினர் ‘லைன் கிளியர்’ என்று சொல்லும் வழக்கத்திலிருந்து தொடங்கினால் மற்றவை எளிதில் விளங்கும். ஒரு மோட்டாரிலோ மின்பாதையிலோ கை வைக்க வேண்டியவர் ஷிப்டு பொறியாளரிடம் எழுத்து மூலம் லைன் கிளியர் வாங்குகிறார். பிரேக்கர் திறக்கப்படுகிறது, ஐசொலேட்டர் திறந்து பூட்டப்படுகிறது, எச்சரிக்கை அட்டை தொங்குகிறது. அதோடு முடிவதில்லை. மின்சாரம் இல்லை என்று பிறர் சொன்னதை வைத்து யாரும் கம்பியைத் தொடுவதில்லை. டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு எர்த் போட வேண்டும். சோதித்தபோது செத்திருந்த கம்பி, சோதித்த பின் யாரோ சுவிட்சைப் போட்டால் உயிர் பெறும். அந்த இடைவெளியை அடைக்கவே பூட்டும் எர்த்தும். வேலை முடிந்ததும் வாங்கியவரே லைன் கிளியரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சோதிக்கும் நேரத்துக்கும் பயன்படுத்தும் நேரத்துக்கும் நடுவில் நிலைமை மாறிவிடலாம் என்ற இந்த அச்சம்தான், கணினிகளுக்கும் சாதனங்களுக்கும் இடையிலான தரவுப் போக்குவரத்தின் பாதுகாப்பிலும் மையமான பிரச்சினை.

1960களின் மின் நிலையங்களில் தரவுக்கு இந்த அச்சம் தேவைப்படவில்லை. கொதிகலனின் அழுத்தமும் வெப்பமும் காற்றுக் குழாய் வழியாகவோ மெல்லிய மின்னோட்டமாகவோ கட்டுப்பாட்டு அறைக்கு வந்து ஒரு முள்ளை அசைத்தன. பிற்காலத்தில் உலகெங்கும் நிலைத்த 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான அளவீட்டு முறையும் இதே இனம்தான். முள் தவறாகக் காட்டலாம். ஆனால் முள்ளின் வழியாக யாரும் அறைக்குள் ஏறி வர முடியாது. வந்தது வெறும் ஒரு அளவு. முகவரியோ நீளமோ கட்டளையோ அதில் கிடையாது.

கணினியில் நிலைமை வேறாக இருந்தது. ஐ.பி.எம். 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில் வட்டு, நாடா, அச்சுப்பொறி ஆகியவற்றோடு பேசும் வேலையைச் ‘சேனல்’ என்ற தனிப் பகுதி செய்தது. செயலி ஒரு கட்டளைப் பட்டியலை நினைவகத்தில் எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போகும். சேனல் அந்தப் பட்டியலைப் படித்து, அதில் சொன்ன முகவரியில் தானே தரவைக் கொண்டுவந்து போடும். சாதனம் செயலியைக் கேட்காமல் நினைவகத்தில் கை வைப்பது அங்கே வழக்கமாகிவிட்டது.

ஐ.பி.எம்.மின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையம், 1967 வாக்கில், ஒரே கணினியைப் பல கணினிகள் போலத் தோன்றச் செய்யும் சிபி-67 என்ற மென்பொருளை 360/67 எந்திரத்தில் ஓடவிட்டது. மெய்நிகர் இயந்திரம் என்ற கருத்து நடைமுறைக்கு வந்தது இங்கேதான். ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரமும் தன் நினைவகம் பூஜ்யத்தில் தொடங்குவதாக நம்பிக்கொண்டிருக்கும். உண்மையில் அதன் பக்கங்கள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். செயலிக்கு இந்த மாற்றம் தெரியும், சேனலுக்குத் தெரியாது. பட்டியலில் உள்ள முகவரியை அப்படியே சேனலிடம் கொடுத்தால் அது அடுத்தவர் நினைவகத்தில் போய் எழுதும்.

அதற்குக் கண்ட வழியை இன்றும் யாரும் மிஞ்சிவிடவில்லை. மெய்நிகர் இயந்திரம் எழுதிய பட்டியலை மேற்பார்வை மென்பொருள் தன் சொந்த இடத்துக்குப் படியெடுத்துக்கொண்டது. ஒவ்வொரு முகவரியும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து உண்மையான முகவரியாக மாற்றி, அந்தப் படியைத்தான் சேனலிடம் கொடுத்தது. மூலப் பட்டியலைப் பிறகு யார் திருத்தினாலும் சேனலுக்கு அது போய்ச் சேராது. இதற்கு ஒரு விலையும் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கட்டளைப் பட்டியல்களை அக்காலத்து நிரலாளர்கள் சாமர்த்தியமாக எழுதி வைத்திருந்தார்கள். 1972இல் அறிவிக்கப்பட்ட விஎம்/370இல் அவற்றுக்குத் தடை வந்தது. மிகவும் புழக்கத்திலிருந்த ஓரிரு கோப்பு முறைகளுக்கு மட்டும் தனிச் சலுகை தரப்பட்டது. எர்த் போட்ட பிறகு சுவிட்சைத் தொடாதே என்று சொல்வதற்கு இது சமம்.

சென்னை ஐ.ஐ.டி. 1970களில் ஐ.பி.எம். 370 வரிசையின் 155 வகைக் கணினியை வைத்திருந்தது. அந்த வகை முதலில் விற்பனைக்கு வந்தபோது அதில் முகவரி மாற்றும் வன்பொருளே இல்லை. பிறகு தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. பாதுகாப்புக்கான வன்பொருள் கூடுதல் வசதியாக விற்கப்பட்ட வழக்கம் அன்றே வந்துவிட்டது.

1981இல் வந்த ஐ.பி.எம். தனிநபர் கணினி இந்தப் பாடம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் மேசையில் ஒரு கணினி. அதில் யாருக்கு யாரிடமிருந்து பாதுகாப்பு? அந்த வழியில் வந்த கணினிகளில், அட்டையைச் செருகினால் அது நினைவகம் முழுவதையும் படிக்கலாம், எழுதலாம். அடுத்த கால் நூற்றாண்டு இப்படியே போனது.

இதே காலத்தில் நெய்வேலி விரிந்தது. 600 மெகாவாட் முதல் நிலையம் 1970இல் முழுமை பெற்றிருந்தது: 50 மெகாவாட்டில் ஆறு அலகுகள், 100 மெகாவாட்டில் மூன்று. 1980களில் இரண்டாம் அனல்மின் நிலையம் எழுந்தது. அதன் முதல் கட்டத்துக்குக் கொதிகலன்கள் ஹங்கேரியிலிருந்தும் டர்பைன்கள் இத்தாலியிலிருந்தும் வந்தன. அடுத்த கட்டம் பெல் நிறுவனத்தின் வேலை. 210 மெகாவாட்டில் ஏழு அலகுகளாக 1470 மெகாவாட் கொண்டது அந்த நிலையம். அந்தத் தலைமுறையில்தான் உலகெங்கும் மின் நிலையக் கட்டுப்பாடு முள்ளிலிருந்து நுண்செயலிக்கு மாறியது. 1990களில் திரையும் சாதாரண விண்டோஸ் கணினியும் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்து உட்கார்ந்தன. அளவீடுகள் இப்போது வெறும் அளவாக வருவதில்லை. பெயர், நேரம், நீளம், முகவரி கொண்ட செய்திப் பொட்டலமாக வந்தன. பொட்டலத்தைப் பிரிக்க ஒரு நிரல் வேண்டும். பிரிக்கும் நிரல் ஏமாறலாம். கணக்கு அலுவலகம் உற்பத்தி விவரத்தைத் தினமும் கேட்டது. எந்திரத்தை விற்ற நிறுவனம் பழுதுபார்க்கப் பென்டிரைவோடு வந்தது. பழைய திறந்தவெளிச் சுரங்கத்தின் அடித்தரையில் இதற்கு ஓர் உவமை உண்டு. நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீர், மேலிருக்கும் மண்ணை அகற்றிய கணத்தில் தரையைப் பிளந்து மேலே வரும். அதனால் வெட்டுவதற்கு முன்பே இரவும் பகலும் பம்ப் ஓட வேண்டும். இடையில் இருந்த சுமை போனால் கீழே இருப்பது மேலே வரும்.

மெய்நிகர் இயந்திரம் இன்டெல் வகைக் கணினிக்குத் திரும்பி வந்தது 1999இல், விஎம்வேர் நிறுவனத்தின் வழியாக. 2003இல் பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் ஜென் என்ற ஹைப்பர்வைசரை, அதாவது மேற்பார்வை மென்பொருளை, வெளியிட்டார்கள். சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரை இரண்டாகப் பிரித்தது ஜென். உண்மையான சாதனத்தோடு பேசும் பாதி ஓர் அறையில். அதைப் பயன்படுத்தும் பாதி இன்னோர் அறையில். இரண்டும் பொதுவான நினைவகப் பக்கங்களில் வைத்துத் தரவைப் பரிமாறிக்கொண்டன. எந்தப் பக்கத்தைக் காட்டலாம் என்பதை அதன் உரிமையாளரே அட்டவணையில் எழுதி அனுமதித்தார். 2008இல் ரஸ்டி ரஸ்ஸல் இதை விர்ட்ஐஓ என்ற எளிய பொது வடிவமாக்கினார். மூன்று பகுதிகள் மட்டும்: தரவு எங்கே, எவ்வளவு நீளம் என்று சொல்லும் அட்டவணை, ‘இவை தயார்’ என்று ஒரு பக்கம் எழுதும் வளையம், ‘இவை முடிந்தன’ என்று மறுபக்கம் எழுதும் வளையம். மேகக் கணினிகளில் பலவும் இன்று இந்த மூன்றின் மேல் ஓடுகின்றன.

சேனலின் கதையில் இல்லாத ஒரு வன்பொருளும் 2000களின் இறுதியில் பரவியது: ஐ.ஓ.எம்.எம்.யூ. சாதனம் கேட்கும் முகவரியை இடைமறித்து, அனுமதிக்கப்பட்ட பக்கத்துக்கு மட்டும் வழிவிடும் காவல் அது. நல்ல காவல்தான், ஆனால் அதன் அளவுகோல் ஒரு பக்கம், அதாவது பொதுவாக 4096 பைட். சாதனத்துக்குக் கொடுக்க வேண்டியது 200 பைட் என்றாலும் அதே பக்கத்தில் கிடக்கும் மற்றவையும் சேர்ந்து திறந்துவிடும். அனுமதியை ரத்து செய்வது மெதுவான வேலை என்பதால் இயங்குதளங்கள் அதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுச் சேர்த்துச் செய்தன. அந்த இடைவெளியில் சாதனம் உள்ளேயே இருந்தது. 2019இல் தண்டர்கிளாப் என்ற ஆய்வு, இத்தகைய ஓட்டைகளைக் காட்டியது. தண்டர்போல்ட் துளையில் செருகிய போலிச் சாதனம், காவல் விழித்திருக்கும்போதே கணினியைக் கைப்பற்ற முடிந்தது.

பிழைகள் இரண்டு திசையிலும் இருந்தன: தாக்குதல் சாதனத்திலிருந்தும் வரலாம், மெய்நிகர் இயந்திரத்துக்குள்ளிருந்தும் வரலாம். 2015 மே மாதம் வெளியான ‘வெனம்’ பிழை, மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருப்பவர் வெளியே தப்பிக்க வழி தந்தது. அந்தப் பிழை ஒளிந்திருந்தது, மெய்நிகர் இயந்திரத்துக்குச் சாதனங்களைப் போலச் செய்து காட்டும் கியூஎமு மென்பொருளின் ஃபிளாப்பி டிரைவ் பகுதியில். 2004 முதல் அங்கேயே கிடந்தது. ஃபிளாப்பியைக் கண்ணால் கண்டிராத தலைமுறையின் சர்வர்களுக்கும் அதன் நகல் பொருத்தப்பட்டிருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் ஜென் திட்டம் அறிவித்த இன்னொரு பிழை நுட்பமானது. பொது நினைவகத்திலிருந்து ஓர் எண்ணைப் படி, எல்லைக்குள் இருக்கிறதா பார், பிறகு பயன்படுத்து என்று நிரலாளர் எழுதியிருந்தார். மூல நிரலில் ஒரு முறைதான் படிக்கப்படுகிறது. அதை எந்திர மொழிக்கு மாற்றிய கம்பைலர், வேகத்துக்காக, சோதிக்க ஒரு முறையும் பயன்படுத்த இன்னொரு முறையும் நினைவகத்துக்குப் போனது. சாதாரண நினைவகத்தில் இது குற்றமில்லை. எதிரியும் எழுதக்கூடிய நினைவகத்தில், இரண்டு படிப்புகளுக்கும் நடுவில் எண் மாறிவிடும். தவறு நிரலாளர் எழுதிய வரியில் கண்ணுக்குத் தெரியாது. டெஸ்டர் வைத்து, எர்த் போடாமல் கை வைத்த கதை.

கட்டுப்பாட்டு அறைகளுக்கு விழிப்பு வேறு வழியில் வந்தது. 2010 ஜூனில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட், இணையத்தோடு இணைப்பே இல்லாத ஈரானின் நத்தான்ஸ் ஆலையைப் பென்டிரைவ் வழியாகச் சென்று தாக்கியதாகக் கருதப்படுகிறது. எந்திரங்களைக் கெடுத்தபடியே, எல்லாம் சரி என்ற பழைய அளவீடுகளைத் திரைக்கு அனுப்பியது. தமிழ்நாட்டில் 2019 அக்டோபர் இறுதியில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பெயர் அடிபட்டது. முதலில் மறுப்பு வந்தது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மை என்றது. அந்த வலையமைப்பு முக்கியமான உள் வலையமைப்போடு இணையாதது, நிலையத்தின் அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. செப்டம்பர் 4 அன்றே, நாட்டின் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பிடமிருந்து தகவல் வந்திருந்தது. இரண்டு வலையமைப்புக்கும் நடுவே சுவர் இருந்ததால் செய்தி அதோடு நின்றது.

2020 ஜூலை 2 அன்று மத்திய மின்துறை அமைச்சகம், மின் அமைப்பில் பயன்படும் இறக்குமதிக் கருவிகள் யாவும் தீநிரல் உள்ளதா என்று சோதிக்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. 2021 அக்டோபரில் மத்திய மின்சார ஆணையம் மின்துறைக்கான இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நெய்வேலி உள்ளிட்ட மின் உற்பத்தி நிறுவனங்கள் அனைத்துக்கும் பொருந்தும் ஆவணம் அது. எந்திரங்களை இயக்கும் வலையமைப்பு இணையத்தைப் பார்க்கும் எதனோடும் ஒட்டக்கூடாது. இணையக் கணினி தேவைப்பட்டால் அது தனி அறையில் இருக்க வேண்டும். அங்கிருந்து தரவை ஏற்றி இறக்க, முன்பே பதிவு செய்து அடையாளம் கண்ட சாதனத்தை மட்டும் பயன்படுத்த வேண்டும். சாதனத்தையும் தரவையும் இரண்டையும் அலசிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் மின்பதிவு வைத்து, அதைக் குறைந்தது 6 மாதம் காக்க வேண்டும். லைன் கிளியர் புத்தகத்தை அறிந்தவர்களுக்கு இந்த விதிகளின் வாசனை பழகியதாகவே இருக்கும்.

அந்த ஆண்டுகளில் கணினித் துறையில் நம்பிக்கையின் திசை தலைகீழானது. அதுவரை மெய்நிகர் இயந்திரம் சந்தேகத்துக்குரிய குடியிருப்பாளர். ஹைப்பர்வைசரும் சாதனமும் வீட்டுக்காரர் பக்கம். வாடகைக்கு எடுத்த கணினியில் மருத்துவமனைப் பதிவையும் வங்கிக் கணக்கையும் வைக்கத் தொடங்கியபோது, வீட்டுக்காரரையே ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்வி வந்தது. ஏ.எம்.டி. 2016இல் மெய்நிகர் இயந்திரத்தின் நினைவகத்தை அதற்கே உரிய சாவியால் மறையாக்கும் முறையை அறிவித்தது. இன்டெலின் டி.டி.எக்ஸ். 2020இல் அறிவிக்கப்பட்டது. இந்த அமைப்பில் சாதனம் வெளியாள். நினைவகத்தை அது படித்தால் கிடைப்பது மறைகுறியீட்டுக் குப்பை.

ஆனால் வட்டும் வலையட்டையும் இல்லாத கணினியால் பயனில்லை. ஆகவே நினைவகத்தில் ஒரு சிறு பகுதி மறையாக்கம் இல்லாமல் விடப்பட்டது. அதற்குப் பவுன்ஸ் பஃபர் என்று பெயர். தமிழில் திண்ணை என்று சொல்லிவிடலாம். தெருவுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட இடம். வெளியாள் மூட்டையை அங்கே இறக்கலாம், நிலைப்படியைத் தாண்டக்கூடாது. லினக்ஸில் இதற்குப் பயன்பட்ட நிரல் பகுதி புதியதல்ல. 64-பிட் இட்டேனியம் கணினிகளில், 32-பிட் முகவரிக்கு மேல் எட்டாத குட்டைக்கைச் சாதனங்களுக்காகத் தரவைத் தாழ்ந்த முகவரிக்குப் படியெடுத்து வைக்க எழுதப்பட்டது. கை எட்டாதவர்களுக்குக் கட்டிய திண்ணை, கை நீளமானவர்களைத் தடுக்கப் பயன்பட்டது.

திண்ணை இருந்தால் மட்டும் போதவில்லை. விர்ட்ஐஓவின் டிரைவர்கள் சாதனம் நல்லது என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. ‘37ஆம் உருப்படி முடிந்தது, நீளம் 9000’ என்று சாதனம் எழுதினால், தான் கொடுத்த இடம் 1500 பைட்தான் என்பதைப் பார்க்காமலே டிரைவர் 9000 பைட்டை எடுத்துக்கொண்டது. அட்டவணையே பொது நினைவகத்தில் இருந்ததால், தான் எழுதிய முகவரியைத் தானே திரும்பப் படிக்கும்போது அது மாற்றப்பட்டிருக்கலாம். 2020களின் தொடக்கத்தில் இந்த டிரைவர்கள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. அட்டவணையின் ஒரு படியைத் தனி நினைவகத்தில் வைத்துக்கொண்டு அதை மட்டும் நம்புவது, சாதனம் சொல்லும் எண் தன்னிடம் நிலுவையில் இருக்கிறதா என்று பார்ப்பது, நீளத்தைத் தான் கொடுத்த அளவோடு ஒப்பிடுவது, பொது நினைவகத்தை ஒரே முறை படித்து உள்ளே எடுத்து அதன் பிறகே சோதிப்பது. நெல் மூட்டையைத் திண்ணையில் வைத்தே எண்ணினால், எண்ணி முடிப்பதற்குள் கொண்டுவந்தவர் ஒரு படி அள்ளிக்கொள்ளலாம். உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தி எண்ண வேண்டும். அனுப்பும் தரவு திண்ணைக்கு வருமுன் மறையாக்கப்பட வேண்டும் என்பதும் விதியானது. சாதனம் தரவைத் தொலைக்கலாம், தாமதிக்கலாம். படிக்கவோ தெரியாமல் திருத்தவோ இயலாது. சாதனம் வேலையே செய்ய மறுத்தால் அதற்கு இந்த முறையில் மருந்து இல்லை.

விலை வேகத்தில் கழிகிறது. ஒவ்வொரு பைட்டும் கூடுதலாக ஒரு முறை படியெடுக்கப்படுகிறது. மிகுந்த வேகம் கேட்கும் வரைகலைச் செயலிகளுக்கு இது கட்டுப்படியாகாது. அதனால் பிசிஐ தர அமைப்பு, சாதனம் தன் அடையாளத்தைச் சான்றிதழோடு நிரூபித்து, இணைப்பையும் மறையாக்கிக்கொண்டு, நேராக உள்ளே வரும் வழியை வகுத்துள்ளது.

நெய்வேலியில் சோவியத் காலத்து முதல் நிலையம் 2020 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. அதற்கு மாற்றாக 500 மெகாவாட்டில் இரண்டு அலகுகள் கொண்ட புதிய நிலையத்தை 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் கோவையில் நாட்டுக்கு அர்ப்பணித்தார். இந்தத் தலைமுறை மின் நிலையங்களில் எந்திரங்களை இயக்குபவர் பார்க்கும் திரைகளையும் பழைய அளவீடுகளைச் சேமிக்கும் சர்வர்களையும் மெய்நிகர் இயந்திரங்களாக விற்பது கட்டுப்பாட்டு அமைப்பு நிறுவனங்களின் வழக்கமாகிவிட்டது. முக்கியமான இடங்களில் இன்னும் ஒருவழிக் கண்ணாடி இழை இணைப்பு போடுகிறார்கள்: ஒரு முனையில் ஒளி அனுப்பும் பகுதி மட்டும், மறுமுனையில் வாங்கும் பகுதி மட்டும். அளவீடு வெளியே போகும். அந்த வழியாக எதுவும் திரும்பி வராது, 1962இன் முள்ளைப் போல. சான்றிதழோடு வரும் சாதனங்களுக்கும் டிரைவர்கள் நீளத்தை ஒப்பிடுவதை விடவில்லை. சான்றிதழ் செய்தவர் யார் என்று சொல்லும், உள்ளே ஓடும் நிரலில் பிழை இல்லை என்று சொல்லாது.